கம்பெனிக்குள்ள உக்காந்து எத்னோகிராஃபி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோயம்புத்தூர் பக்கம் ஒரு காலேஜ்ல எம்பிஏ பசங்களுக்கும் சோஷியல் வொர்க் பசங்களுக்கும் இந்த மெத்தட்ஸ் பேப்பர் எடுக்குறேன், அதாவது ஒரு இடத்துல ஆளுங்க கூடவே இருந்து பாத்து எழுதுற ஆராய்ச்சி முறை. வருஷா வருஷம் அதே கேள்விங்கதான் வருது, வாட்ஸப்ல ஒவ்வொருத்தருக்கா டைப் பண்ணி கை வலிச்சதால இங்க மொத்தமா போட்டுட்டேன். வரிசையெல்லாம் பெருசா யோசிச்சு வைக்கல.

எத்னோகிராஃபின்னா பழங்குடி மக்களப் பத்தி எழுதுறதுதானே மேம், ஆபீஸுக்கும் ஃபேக்டரிக்கும் என்ன சம்பந்தம்?

தமிழ்ல இனவரைவியல்னு பேர் வச்சாச்சா, அதுல இனம்னு இருக்கவும் எல்லாரும் மலைக்குப் போகணும்னு நெனச்சுக்கிறாங்க. முதல் உலகப்போர் நேரத்துல மலினோவ்ஸ்கிங்கற மானிடவியல்காரர் நியூ கினி பக்கம் ட்ரோப்ரியாண்ட் தீவுல போய் தங்குனாரு, அவங்க பாஷையக் கத்துகிட்டாரு, தினமும் எழுதுனாரு, 1922ல புத்தகம் வந்துச்சு. தங்குறது, அவங்க பேச்சு புரியுற வரைக்கும் இருக்குறது, எழுதுறது, இந்த மூணையும் தீவுலதான் செய்யணும்னு யாரும் சட்டம் போடல.

ஃபேக்டரிக்குள்ள இது வந்த கதையும் பழசுதான். சிகாகோ பக்கத்துல வெஸ்டர்ன் எலக்ட்ரிக்கோட ஹாதார்ன் ஆலை, 1924லேருந்து அங்க லைட் வெளிச்சத்த கூட்டிக் குறைச்சா வேலை கூடுதா குறையுதான்னு ஆராய்ச்சி நடந்துச்சே, எம்பிஏ புக்ல எல்லாரும் படிச்சிருப்பீங்க. அதோட கடைசிப் பகுதிய புக்ல ரெண்டு வரில முடிச்சிருவாங்க. அப்ப யோசனை சொன்னவங்கள்ல ஒருத்தர் லாய்ட் வார்னர், ஆஸ்திரேலியாவுல பழங்குடி மக்களோட இருந்து ஆராய்ச்சி பண்ணிட்டு வந்த மானிடவியல்காரர். 1931-32ல ஒரு ரூம்ல 14 ஆம்பளைங்க டெலிஃபோன் எக்ஸ்சேஞ்சுக்கு ஒயர் கட்டுற வேலை பாத்தாங்க, மூலைல ஒருத்தர் சும்மா உக்காந்து பாத்தாரு, அவ்ளோதான் ஏற்பாடு. மேனேஜ்மென்ட் கணக்குப்படி ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 7312 கனெக்‌ஷன். ரூமுக்குள்ள ஓடுன கணக்கு 6600 பக்கம். அதுக்கு மேல வேகமாப் போனா பக்கத்துல இருக்கறவன் புஜத்துல நச்சுன்னு ஒரு குத்து விடுவான். இன்னிக்கு கூடுதலா முடிச்சா கொஞ்சத்த கணக்குல காட்டாம நாளைக்கு வச்சுக்குவாங்க, அதனால ரிப்போர்ட்ல தினமும் ஒரே மாதிரி நம்பர். ஆபீஸ்ல இருக்குற பேப்பர்ல இந்தக் குத்து எங்க பதிவாகும் சொல்லுங்க?

சர்வே எடுத்தா போதாதா? நூறு பேர், அஞ்சு ஆப்ஷன், முடிஞ்சுது.

எத்தன பேர், எவ்வளவுன்னு தெரியணும்னா சர்வேதான் வேணும், அதுல எனக்கு சண்டையே இல்ல. ஆனா நம்ம ஊர் எம்பிஏ ப்ராஜெக்ட் எப்படி நடக்குதுன்னு எனக்கும் தெரியும் உங்களுக்கும் தெரியும். “எம்ப்ளாயி சாட்டிஸ்ஃபேக்‌ஷன்”னு ஒரு தலைப்பு, நூறு ஃபாரம், அதுல முப்பது ஹெச்ஆர் மேடம் கொடுத்து வாங்கித் தந்தது, மீதிய ஹாஸ்டல்ல ரெண்டு மூணு பேனா மாத்தி மாத்தி நிரப்புனது, அப்புறம் பை சார்ட். முடிவுல “கேன்டீன் வசதியை மேம்படுத்தலாம்”. இருபது வருஷமா எல்லா கம்பெனிலயும் கேன்டீனத்தான் மேம்படுத்த சொல்லிட்டு இருக்கோம், ஒரு கேன்டீனும் மேம்பட்ட மாதிரி தெரியல.

அப்போ இன்டர்வ்யூ? நேர்ல உக்காந்து கேட்டா சொல்லிருவாங்கல்ல?

சொல்லுவாங்க, பொய்யும் சொல்ல மாட்டாங்க. ஆனா தான் செய்யுற வேலைல பாதிய அவங்களே வேலைன்னு நெனைக்கிறதில்ல, அதனால கேட்டா வராது. ஜூலியன் ஓர்னு ஒருத்தர், ஜெராக்ஸ் கம்பெனியோட ஆராய்ச்சிக் கூடத்துல இருந்தவரு, அதுக்கு முன்னாடி அவரே டெக்னீஷியன். காப்பி மெஷின் ரிப்பேர் பண்றவங்க கூடவே சுத்துனாரு, 1996ல புத்தகமா வந்துச்சு. கம்பெனி குடுத்த மேனுவல்ல எரர் கோட் பாரு, இந்தப் படிய செய், அடுத்த படிக்குப் போன்னு இருக்கும். மெஷின் அப்படிப் பழுதாகறதில்லையே. டெக்னீஷியனுங்க காலைல டிஃபன் சாப்பிடுற கடைல உக்காந்து “அந்தக் கஸ்டமர் மெஷின்ல நேத்து இப்படி ஆச்சுப்பா”ன்னு கதை பேசுவாங்க, அந்தக் கதைலதான் ரிப்பேர் அறிவே கைமாறிட்டு இருந்துச்சு. கம்பெனி கண்ணுல அது டைம் வேஸ்ட். அப்புறம் அவங்க சொல்ற டிப்ஸையெல்லாம் சேக்க யூரேகான்னு ஒரு சிஸ்டமே கட்டுனாங்க, அது வேற கதை. அந்த டெக்னீஷியனுங்களக் கூப்பிட்டு “உங்க வேலை என்ன”ன்னு கேட்டிருந்தா மேனுவலத்தான் ஒப்பிச்சிருப்பாங்க.

கேக்குறதா இருந்தா “பொதுவா எப்படி செய்வீங்க”ன்னு கேக்காதீங்க. “நேத்து காலைல கேட்டுக்குள்ள வந்ததுலேருந்து சொல்லுங்கண்ணா”ன்னு கேளுங்க. பொதுவான்னு கேட்டா விதியச் சொல்லுவாங்க, நேத்துன்னு கேட்டா நடந்தத சொல்லுவாங்க.

பர்மிஷன் எப்படி வாங்குறது?

எம்டி கையெழுத்து போட்டா கேட் திறக்கும். உள்ள இருக்குற ஒவ்வொருத்தரும் தனித்தனியா திறக்கணும், அத யாரும் சொல்லித் தர்றதில்ல.

என் சொந்த கூத்தையே சொல்றேன். முதல் ஃபீல்ட்வொர்க் ஒரு ஸ்பின்னிங் மில். முதல் நாள் ஹெச்ஆர் ஆபீசர் கூட்டிட்டுப் போய் டிபார்ட்மென்ட் டிபார்ட்மென்டா அறிமுகப்படுத்துனாரு, நான் ஒரு பெரிய லாங் சைஸ் நோட்டோட அவர் பின்னாடியே நடந்தேன். ஒரு வாரம் நான் போற பக்கமெல்லாம் எல்லாரும் அவ்ளோ சுறுசுறுப்பு, பேச்சே கிடையாது. எட்டாவது நாளோ ஒன்பதாவது நாளோ, ஃப்ரேம்ல, அதான் நூல் நூக்குற மெஷின்ல, இழை ஒட்டிட்டு இருந்த ஒரு அம்மா மெஷின் சத்தத்துல காதுகிட்ட வந்து கேட்டாங்க, “ஏங்கண்ணு, டைம் பாக்க வந்திருக்கீங்களா?” அப்பதான் விளங்குச்சு. போன வருஷம் ஒருத்தர் இதே மாதிரி நோட்டு புடிச்சு நின்னு நேரம் எடுத்துட்டுப் போனாராம், அதுக்கப்புறம் ஒரு ஆளுக்கு பாக்க வேண்டிய ஃப்ரேம் எண்ணிக்கைய கூட்டிட்டாங்களாம். என்னையும் அந்த ஆள்னு நெனச்சிட்டாங்க. மறுநாள்லேருந்து பெரிய நோட்ட வீட்ல வச்சிட்டு பஸ் டிக்கெட் பின்னாடி ரெண்டு வார்த்தை கிறுக்கிக்கிறதுன்னு ஆரம்பிச்சேன், ஹெச்ஆர் கூட சாப்பிடுறதையும் நிறுத்துனேன், ஷிஃப்ட் பஸ்லயே போய் வந்தேன். அந்த ஒரு வாரத்து நோட்ஸ தூக்கிப் போடல, “நோட்டு புடிச்சவங்க வந்தா மில்லு எப்படி நடக்கும்”ங்கறதுக்கு அதுதான் சாட்சி.

சொல்லாம கொள்ளாம வேலைக்கு சேர்ந்து பாக்கலாமா?

செஞ்சிருக்காங்க. மெல்வில் டால்ட்டன் மேனேஜ்மென்ட் வேலைல இருந்துகிட்டே கூட இருந்தவங்களுக்கு முழுசா சொல்லாம எடுத்துதான் 1959ல புத்தகம் எழுதுனாரு. இன்னிக்கு எத்திக்ஸ் கமிட்டி உங்கள விடாது, நானும் விட மாட்டேன். உங்ககிட்ட மனசு விட்டுப் பேசுனவங்க நாளைக்கு அத அச்சுல படிச்சா எப்படி இருக்கும்னு நெனச்சுப் பாருங்க. பேர மட்டும் மாத்துனா போதாதுங்கறதும் இதுலயே வந்துருது, ஒரு மில்லுல ஒரே ஒரு லேடி சூப்பர்வைசர் இருந்தா பேர் என்னன்னு வச்சாலும் மில்லு முழுக்க யாருன்னு தெரியும்.

நான் வேலை பாக்குற கம்பெனியவே எடுத்துக்கலாமா?

எடுத்துக்கலாம், உள்ள போற கஷ்டம் இல்ல. ஆனா கண்ணு பழகிப் போயிருக்கும். உங்களுக்கு எதுவுமே வித்தியாசமா தெரியாது, அதனால முதல் மாசம் நோட்டு காலியா இருக்கும். புதுசா சேர்ந்த ட்ரெய்னி யாராவது இருந்தா அவர் கேக்குற கேள்விய எழுதி வைங்க, அவர் எங்க முழிக்கிறாரோ அங்கதான் உங்க கம்பெனி இருக்கு. உங்களுக்குக் கீழ வேலை பாக்குறவங்ககிட்ட மட்டும் எடுக்காதீங்க, அவங்களால முடியாதுன்னு சொல்ல முடியாது.

ஃபீல்டு நோட்ஸ்ல என்ன எழுதணும்? இதுலதான் எல்லாரும் மாட்டிக்கிறோம்.

ஆமா, மொத்த பேப்பரும் இதுலதான் இருக்கு. ஒரு உதாரணம். ஒரு ஸ்டூடன்ட்ட ஒரு பேங்க் பிராஞ்ச்ல ஒரு மணி நேரம் உக்கார வச்சேன். முதல் தடவ கொண்டு வந்தது இது:

“வங்கியில் கூட்டம் அதிகமாக இருந்தது. வாடிக்கையாளர்கள் எரிச்சலுடன் காணப்பட்டனர். ஊழியர்கள் அலட்சியமாக நடந்து கொண்டனர்.”

நான் கேட்டேன், எரிச்சல் எந்த பக்கம் இருந்துச்சு, மூக்குலயா கண்ணுலயா? அலட்சியம்னா எழுந்து போனாங்களா, திரும்பிப் பாக்கலையா, “அந்தக் கவுன்டர் போங்க”ன்னாங்களா? பையன் முழிச்சான். மறுபடி அனுப்புனேன். ரெண்டாவது தடவ வந்தது:

“11.10. பாஸ்புக் மெஷின் முன்னாடி ஒரு பாட்டி, கைல மஞ்சப் பை. புக்க தலைகீழா விட்டாங்க, மெஷின் திருப்பித் தள்ளுது. மூணு தடவ. செக்யூரிட்டி அண்ணன் கதவுகிட்டேருந்து நடந்து வந்து ஒண்ணும் பேசாம வாங்கி, பக்கத்த விரிச்சு கையால தேச்சு உள்ள விட்டாரு. என்ட்ரி விழுந்ததும் பாட்டி ‘பணம் ஏறிருச்சா சாமி?’ அவரு புக்க வெளிச்சத்துல புடிச்சுப் பாத்து ‘ஏறிருச்சும்மா, ஆயிரம்.’ 11.14. இன்னொருத்தர் சலான் நீட்டுறாரு, செக்யூரிட்டி சட்டைப் பையிலேருந்து பேனா எடுத்து எழுதித் தர்றாரு. கதவுகிட்ட இப்ப யாரும் இல்ல. 11.20க்குள்ள இந்த மாதிரி அஞ்சு பேர்.”

இப்ப பாருங்க, இதுல எரிச்சல்ங்கற வார்த்தையே இல்ல. ஆனா அந்த பிராஞ்ச் யாரால ஓடுதுன்னு தெரியுது. செக்யூரிட்டி ஏஜென்சி கான்ட்ராக்ட்ல இருக்குற ஆளு, பேங்க் ஸ்டாஃபே கிடையாது, அவரோட வேலைப் பட்டியல்ல கதவும் துப்பாக்கியும்தான் இருக்கும். வயசானவங்க முக்கால்வாசி பேருக்கு அவர்தான் பேங்க். அவர் லீவு போட்ட அன்னிக்கு போய் உக்காருடான்னு அனுப்புனேன், கவுன்டர்ல வரிசை எவ்ளோ நீளம் ஆகுதுன்னு பாத்துட்டு வந்தான், அதுதான் அவன் ப்ராஜெக்ட்டே ஆச்சு.

பழக்கம் வர வரைக்கும் சில விஷயம்: நேரம் போடுங்க. அவங்க சொன்ன வார்த்தைய அவங்க சொன்ன மாதிரியே எழுதுங்க, “ஏறிருச்சா சாமி”ய “பணம் வரவு வைக்கப்பட்டதா என்று வினவினார்”னு மாத்துனா எல்லாம் போச்சு, நம்ம பசங்களுக்கு பேனா புடிச்சாலே செந்தமிழ் வந்துருது, இல்லன்னா அரைகுறை இங்கிலீஷ். உங்க மனசுல தோணுனத பக்கத்துல கோடு போட்டு தனியா எழுதுங்க, பாத்ததோட கலக்காதீங்க. அன்னிக்கு ராத்திரியே எழுதிருங்க, தூங்கி எழுந்தா பாதி போயிரும். ஒரு மணி நேரம் பாத்தா ரெண்டு மணி நேரமாவது எழுதணும், இதக் கேட்டதும் பாதி பேர் வேற எலெக்டிவ் மாத்திட்டுப் போயிருவாங்க, போகட்டும்.

எழுதுனத நாலு எடத்துல காப்பி வைங்க. எம்.என்.சீனிவாஸ்னு பெரிய சமூகவியல்காரர், 1948ல மைசூர் பக்கம் ராம்புராங்கற கிராமத்துல ஃபீல்ட்வொர்க் பண்ணி வருஷக்கணக்கா ஒழுங்குபடுத்தி வச்சிருந்த குறிப்போட மூணு காப்பியும் 1970ல ஸ்டான்ஃபோர்டுல அவர் இருந்த ஆபீசுக்கு தீ வச்சதுல எரிஞ்சு போச்சு. ஞாபகத்த வச்சே எழுதி 1976ல புத்தகம் கொண்டு வந்தாரு. அவர் சீனிவாஸ், நம்ம கதை அப்படி முடியாது.

எத்தன நாள் உக்காரணும்?

போரடிச்சு, அதையும் தாண்டி இருக்கணும். டொனால்ட் ராய்னு ஒருத்தர் ஒரு சின்ன ரூம்ல இன்னும் மூணு பேரோட தினமும் மணிக்கணக்கா ஒரே மாதிரி அச்சு வச்சு வெட்டுற மெஷின்ல வேலை பாத்தாரு. கூட இருந்தவங்க பேச்செல்லாம் முதல்ல அவருக்கு வெட்டிப் பேச்சாத்தான் பட்டுச்சு. கொஞ்ச நாள் கழிச்சுதான் அதுல ஒரு ஒழுங்கு இருக்குறது தெரிஞ்சுது. தினமும் ஒருத்தரோட சாப்பாட்டு டப்பாலேருந்து இன்னொருத்தர் வாழப்பழத்த திருடி “வாழப்பழ நேரம்!”னு கத்திட்டு தின்னுருவாரு, பழத்துக்காரரு திட்டுவாரு, ஆனா மறுநாளும் பழம் கொண்டு வருவாரு, அவருக்கு ஒரு நாளும் அது கிடைச்சதில்ல. அப்படி ஒவ்வொரு மணிக்கும் ஒரு விளையாட்டு, அதால நாள் துண்டு துண்டா நகருது. ரெண்டு நாள் விசிட் போனவருக்கு இது சின்னப்புள்ளத்தனமாத்தான் தெரியும்.

செமஸ்டர்ல உங்களுக்கு அவ்ளோ நாள் கிடைக்காது, தெரியும். வாரத்துக்கு ஒரு அரை நாள், ஒரே இடம், பத்து வாரம். பத்து இடத்துக்கு ஒரு நாள் போறதுக்கு இது எவ்வளவோ மேல்.

ஒரே ஒரு இடத்தப் பாத்துட்டு பொதுவா எப்படி சொல்ல முடியும்? வைவாவுக்கு வெளியேருந்து வர்ற எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் கண்டிப்பா கேப்பாரு.

கேப்பாரு. ஸ்டீஃபன் பார்லி 1986ல எழுதுனத சொல்லுங்க. அமெரிக்கால மாசசூசெட்ஸ்ல ரெண்டு ஆஸ்பத்திரி, ரெண்டுலயும் சிடி ஸ்கேன் மெஷின் புதுசா வந்து இறங்குது. ஒண்ணுல டெக்னீஷியனுங்க கைக்கு நெறைய முடிவு போயிருச்சு, டாக்டருங்க பின்வாங்கிட்டாங்க, இன்னொண்ணுல டாக்டர் புடி அந்தளவுக்கு விடல. மெஷின் ஒண்ணு, நடந்தது ரெண்டு. “டெக்னாலஜி வந்தா இப்படித்தான் ஆகும்”னு ஈஸியா பேசுறவங்களுக்கு இந்த ரெண்டே இடம் போதும். நூறு ஆஸ்பத்திரில எத்தனைல எப்படின்னு கேட்டா அதுக்கு பதில் இதுல கிடையாது, எப்படி ஆகுதுங்கற வழிய காட்டலாம், அவ்ளோதான்.

எனக்குப் புடிச்ச இன்னொரு கதை: அதே ராய் 1944-45ல சிகாகோல ஒரு மெஷின் ஷாப்ல ட்ரில் ஆபரேட்டரா இருந்தாரு. முப்பது வருஷம் கழிச்சு மைக்கேல் புராவாய் சிகாகோல ஒரு ஃபேக்டரில ஆபரேட்டரா சேந்தாரு, அப்புறமா பாத்தா அது ராய் இருந்த அதே ஃபேக்டரி! வேணும்னு தேடிப் போனா கூட இப்படி அமையாது. ராய் கேட்டது ஏன் இவங்க வேலைய இழுத்துப் புடிக்கிறாங்கன்னு. புராவாய் அந்தக் கேள்வியவே திருப்பிட்டாரு, இவ்ளோ தூரம் ஏன் உழைக்கிறாங்கன்னு. பீஸ் ரேட்ட, அதாவது இத்தன பீஸுக்கு இவ்ளோ கூலிங்கற கணக்க, அடிக்கிறத ஒரு விளையாட்டா ஆக்கிகிட்டு அதுலயே மூழ்கிடுறாங்கன்னு 1979ல எழுதுனாரு. அவரே விளையாடித் தோத்து ஜெயிச்சதால சொல்ல முடிஞ்சுது.

நம்ம பக்கம் யாராவது பண்ணிருக்காங்களா?

ஏன் இல்லாம? இ.ஏ.ராமசாமி கோயம்புத்தூர் மில் தொழிலாளிங்களையும் அவங்க யூனியனையும் பத்தி 1977ல கொண்டு வந்தாரு. என்.ஆர்.சேத் 1968ல ஒரு இந்திய ஃபேக்டரிய உள்ளேருந்து பாத்து எழுதுனாரு. பெங்களூரு தொழிலாளிங்களப் பத்தி மார்க் ஹோம்ஸ்ட்ராம், 1976. மில்லு ஊர்ல படிக்கிற பசங்களுக்கு சிகாகோ மனப்பாடம், இங்க கோயம்புத்தூர்லயே இருக்குற சிங்காநல்லூர் தெரியாது, இது என் புலம்பல்.

ஐடி கம்பெனில எல்லாரும் ஸ்க்ரீனத்தான் பாக்குறாங்க, அங்க என்ன பாக்குறது?

மீட்டிங் முடிஞ்சு கால் கட் பண்ணதும் தனி சாட்ல என்ன ஓடுதுன்னு பாருங்க. அனுமதி வாங்கிட்டுதான். டிக்கெட்ட, அதான் ஒரு வேலைக்கு சிஸ்டத்துல போடுற பதிவ, எப்ப க்ளோஸ் பண்றாங்க, வேலை எப்ப முடியுது, ரெண்டும் ஒண்ணா?

இத கிளாஸ்ல எப்படி சொல்லித் தர்றீங்க?

லெக்சர் ரொம்ப கம்மி. முதல் வாரம் எல்லாரையும் நம்ம காலேஜ் கேன்டீன்ல இருபது நிமிஷம் உக்கார வச்சிருவேன், ஃபோன் வெளிய வரக்கூடாது. திரும்பி வந்து படிச்சா முப்பது பேர் முப்பது கேன்டீன் எழுதிருப்பாங்க, பொண்ணுங்க எந்த டேபிள்ல உக்கார மாட்டாங்கன்னு பொண்ணுங்க நோட்டுல மட்டும் இருக்கும், க்ளீன் பண்ற அக்காவ ரெண்டு பேருதான் பாத்திருப்பாங்க. அந்த ரெண்டு பேர்ல ஒருத்தரோட அம்மா அதே வேலை பாக்குறவங்களா இருப்பாங்க. பாக்குற ஆளு யாருங்கறது நோட்ஸுக்குள்ள வந்து உக்காந்துருதுன்னு நான் தனியா விளக்கவே வேணாம்.

அப்புறம் ஒரு பேப்பர தொரத்துற எக்சர்சைஸ். ஒரு டிசி அப்ளிகேஷன், இல்ல பஸ் பாஸ் ஃபாரம், எந்த மேஜைல எவ்ளோ நேரம் கிடக்குது, யாரு “நாளைக்கு வாங்க”ன்னாங்க, ப்யூன் அண்ணன் எந்த ஃபைல மேல எடுத்து வச்சாரு, கூடவே நடந்து எழுதணும். ஆர்கனைசேஷன் சார்ட் கிழிஞ்சு தொங்கும்.

மீதி நாளெல்லாம் நோட்ஸ வாசிக்கிறதுதான். வாரா வாரம் மூணு பேரோட நோட்ஸ போர்டுல போட்டு வரிவரியா, “இது பாத்ததா, நெனச்சதா?” முதல் மாசம் அழுவாங்க. இதுக்கு நேரம் ஆகும், முப்பது பேருக்கு மேல சேத்தா என்னால முடியாது, அத டிபார்ட்மென்ட்ல சொன்னா அறுபது பேர் குடுப்பாங்க.

மார்க் எப்படி?

நோட்ஸுக்கு அறுபது, ரிப்போர்ட்டுக்கு நாப்பது. பலருக்கு இதுல கோவம்.

ரெக்கார்டர் வச்சுக்கலாமா? இப்ப ஃபோனே எழுத்தா மாத்திக் குடுக்குதே?

கேட்டுட்டு வச்சுக்கோங்க. ஆனா மில் சத்தத்துல அது எதையும் எழுதாது, தலைய ஆட்டுனதும் கண்ணால ஜாடை காட்டுனதும் எந்த ஃபோன்லயும் விழாது.

கடைசில கம்பெனி ரிப்போர்ட் கேட்டா என்ன பண்றது?

முன்னாடியே பேசிக்கோங்க, என்ன குடுப்பேன், என்ன குடுக்க மாட்டேன்னு. எனக்கு நடந்தது இது. அந்த மில்லுல மெஷின் நின்னா ஸ்லிப் எழுதி சூப்பர்வைசர் கையெழுத்து வாங்கி மெயின்டனன்ஸுக்கு அனுப்பி அப்புறம்தான் ஃபிட்டர் வரணும், அது ரூல். நடந்தது என்னன்னா, மெஷின் நின்னா ஒரு விசில், ஃபிட்டர் அண்ணன் ஸ்பேனரோட வந்துருவாரு, ஷிஃப்ட் முடியுற நேரத்துல டீ டம்ளர் பக்கத்துல உக்காந்து எல்லா ஸ்லிப்பையும் மொத்தமா எழுதுவாரு, நேரமெல்லாம் குத்துமதிப்பா. அந்த ஸ்லிப்ப வச்சுதான் ஆபீஸ்ல மாசா மாசம் க்ராஃப் போட்டு மீட்டிங். எனக்கு தலகால் புரியாத சந்தோஷம், இதுதான்டா என் சாப்டர்னு.

எழுதி முடிச்சு, குடுக்குறதுக்கு முன்னாடி அந்தப் பகுதிய அவருக்கு வாசிச்சுக் காட்டுனேன். பொறுமையா கேட்டாரு. “எல்லாம் சரிங்க மேடம், நெசந்தானுங்க. ஆனா இத குடுத்தீங்கன்னா நாளைக்கு ஸ்லிப் வந்தாதான் நான் எந்திரிக்கணும்பாங்க. மெஷின் நிக்கும். அப்ப அந்த அக்காவுக்கு ப்ரொடக்‌ஷன் கம்மியாகும்ங்க.”

மில்லுக்குக் குடுத்த ரிப்போர்ட்ல அந்தப் பகுதி இல்ல. ஆய்வேட்ல இருக்கு, பத்து வருஷம் கழிச்சு, மில்லு எந்த ஊர்னு இல்லாம, டிபார்ட்மென்ட் பேர மாத்தி. அவர் ரிட்டயர் ஆனதுக்கப்புறம் ஒரு காப்பி கொண்டு போய் குடுத்தேன், பேத்தி படிச்சுக் காட்டுனாளாம், விசில் அடிச்சத எழுதலையே மேடம்னு ஃபோன் பண்ணாரு. எழுதிருந்தேன், 84ஆம் பக்கம்.